தவுக்கேயிடம் கேட்ட குறி

எங்கள் குடும்பத்தில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று பெயர் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் பெரியம்மாவின் ஒரே மகன், என் அண்ணன். மற்றது, அவன் வளர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போன தவுக்கே.

பினாங்கில் முதலாளியைத் தவுக்கே என்போம். ஆனால் இந்தத் தவுக்கே மனிதனில்லை. எருமைக் கொம்பும் மீன் வாலும் வைத்த ஒரு பிராணி, விளையாட்டுக் கருவிக்குள் வாழ்ந்தது. கையில் அடங்கும் கருவி, இரண்டு பேட்டரி, பாசி பிடித்தது போலப் பச்சையாக ஒரு திரை. காட்டில் திரியும் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, அடுத்தவர்களின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு கோட்டை இருக்கும். கோட்டைத் தலைவரை வென்றால் ஒரு பதக்கம். அந்தக் காலத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பாதிப் பேர் வாய்ப்பாட்டை மறந்ததே இந்த விளையாட்டால்தான்.

எனக்குக் கருவியை வாங்கிக் கொடுத்தது அண்ணன். அவனுக்கு அப்போது இருபது வயதிருக்கும், பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில் வேலை. மீசை வைத்த ஆண்பிள்ளை இதைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறானே என்று பெரியப்பாவுக்குத் தாங்காது. திட்டுவார். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ஆமாப்பா, ஆமாப்பா" என்பான். எனக்கும் ஒன்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழையதாக வாங்கி வந்து கொடுத்தபோது, "ஒன்னு கெட்டது போதாதா?" என்று பெரியப்பா கேட்டது நினைவிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் இரண்டு கருவிகளையும் வயரால் இணைத்து, தன் தவுக்கேயை என் கருவிக்கு அனுப்பிவைத்தான். பதிலுக்கு என்னிடமிருந்த உதவாக்கரைப் புழு ஒன்றை எடுத்துக்கொண்டான். இனாமாக ஒரு மிட்டாய்கூடக் கொடுக்காத மனிதன், தன் பெரிய பிராணியையே தூக்கிக் கொடுக்கிறானே என்று நான் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன்.

போரில் இறக்கினேன். "அடி" என்று பொத்தானை அமுக்கினேன். தவுக்கே கொட்டாவி விட்டது. மறுபடி அமுக்கினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிரே நின்ற சுண்டைக்காய் அளவு பிராணி என் தவுக்கேயைக் கொத்திக்கொண்டே இருக்க, அது பாட்டுக்குத் தூங்கியது.

"என்னாண்ணே இது, சொன்னா கேக்க மாட்டேங்குது!"

"அது தவுக்கேலா. நீ கூலி. கூலி சொன்னா தவுக்கே கேப்பாரா?"

நான் அழுதேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனான். அங்கிருந்து அவனும் பெரியம்மாவும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மாவும் அவன் கட்சி சேர்ந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று அவர்கள் வீட்டில் சாப்பிடாமல் கீழே எங்கள் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் இரண்டு கூட்டாளிகளோடு தெலுக் பஹாங்கிலிருந்து படகெடுத்து மீன் பிடிக்கப் போனான். வானம் சரியில்லை, போகாதே என்று பெரியப்பா தடுத்திருக்கிறார். பேச்சு வளர்ந்திருக்கிறது. கடைசியில் அவர் போட்ட சத்தம் கீழ்வீட்டில் இருந்த எங்களுக்கே கேட்டது: "போறதுன்னா அப்படியே போயிரு!"

மத்தியானத்துக்கு மேல் கடலில் காற்று பிடித்துப் படகு கவிழ்ந்தது. கூட்டாளிகள் இருவரும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மீன்பிடிப் படகொன்றில் கரை சேர்ந்தார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. நாள்கணக்கில் தேடினார்கள். அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை.

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி பெரியம்மா வீடு, இரண்டாவது மாடி எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால், பள்ளி விட்டதும் நான் பெரியம்மா வீட்டுக்குத்தான் போவேன். அந்த வீடு முன்பு வாய் ஓயாத வீடு. இப்போது கதவைத் திறந்தால் பேச்சே இருக்காது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அண்ணனின் படம் இருந்தது. அதற்கு மாலை போடுவதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் அப்போதிருந்த ஒரே வழக்கு.

பெரியப்பா கிரியை செய்துவிடலாம் என்றார். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம், இல்லாவிட்டால் பிள்ளை வழி தெரியாமல் அலைவான் என்று கோயில் ஐயா சொல்லியிருந்தார். ஒரு நாள் பெரியப்பா மாலையே வாங்கி வந்துவிட்டார். பெரியம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, "அவன் வந்து சொல்லட்டும், செய்யலாம்" என்றார்.

செத்தவன் எப்படி வந்து சொல்வான்? அதற்குத்தான் குறி கேட்பது என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா ஆயர் ஈத்தாம் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்ச் சாமியாடியிடம் கேட்டார். வடக்கே இருக்கிறான், வருவான் என்றார் அந்தச் சாமி. பெரியப்பா போய் பாகான் டாலாமில் ஒரு சாமியிடம் கேட்டார். தண்ணீருக்கடியில் தாகத்தோடு கிடக்கிறான் என்றது அது. ஒரே பிள்ளைக்கு இரண்டு சாமி இரண்டு விதமாகச் சொன்னதில், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் நான் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து தவுக்கேயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திரைக்குள் விளக்குக் கிடையாது. வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். மூன்றாவது கோட்டைத் தலைவியிடம் தோற்றுத் தோற்று எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

"பாருங்க பெரியம்மா, திரும்பவும் மொகத்த திருப்பிக்கிது!"

நாள்கணக்கில் என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர், அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு வந்து நின்றார்.

"அதுல என்னா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு."

"தவுக்கே கேட்காதது போல நிற்கிறது."

"யாரு பேரு போட்டிருக்கு அதுக்கு?"

பிராணியின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பழக்கியவர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர் இருந்தது. என் கைக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாய்யா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். "அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். தவுக்கே சோம்பிக் கிடக்கிறது என்று வந்தது. பெரியம்மா தலையாட்டினார், "ஆமா, எழுப்பினாத்தான் சாப்புடுவான்" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானந்தோறும் குறி கேட்பது நடந்தது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவ வேண்டும். கருவிக்கு விபூதி பூசி, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார். விபூதி பொத்தானின் சந்துக்குள் புகுந்து, இடதுபக்கம் போகச் சொன்னால் திரையில் இருக்கும் என் ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். கோழிக்கறி தின்ற நாளில் குறி கிடையாது. வீட்டில் அப்போது கோழிக்கறி சமைப்பதே நின்றுபோயிருந்தது, அதனால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

உச்சிவெயில் வேளையில் அடுக்குமாடி முழுக்க அடங்கிக் கிடக்கும். கீழே பஸ் போகிற சத்தம்கூட எங்கேயோ கேட்பது போலிருக்கும். பெரியம்மாவின் தலையும் என் தலையும் முட்டிக்கொள்ள, அந்தப் பச்சைத் திரைக்குள் தவுக்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பெரியம்மா கேட்பார், நான் அமுக்குவேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஆழ்ந்து உறங்குகிறது என்று வந்தது. குளிருகிறதா என்று கேட்டதற்குக் கேட்காதது போல நின்றது. காயம் பட்டதா என்று கேட்ட அன்று அது தன்னையே தாக்கிக்கொண்டது, பெரியம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. படிக்கப் படிக்க என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். பயமாக இருந்தது என்று வெளியே சொல்ல எனக்கு ரோஷம். படுக்கப் போகும்போது கருவியைத் துணியில் சுற்றி, எடுக்க முடியாத உயரத்தில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கேட்டால், பள்ளிப் பாடம் இருக்கிறது என்பேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் ஒழுங்காக விளையாட உட்கார்ந்தால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. "இன்னிக்கு அந்தக் கோட்டைக்காரிய அடிக்கப் போறேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டால் போதும், தேங்காய்ப்பால் வாங்கப் போகச் சொல்வார், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வார். கருவியின் ஓரத்துச் சிவப்பு விளக்கு மங்கிப் பேட்டரி தீரும்போது, கடையில் இல்லை என்பார். தன் வீட்டுக் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி, குறி கேட்கிற நேரத்துக்கு மட்டும் போட்டுத் தருவார், முடிந்ததும் திரும்ப எடுத்துக் கடிகாரத்தில் போட்டுவிடுவார். துக்கத்தில் இருக்கிறவரோடு வழக்காட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் பெரியப்பா வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். விபூதி, எலுமிச்சம்பழம், நடுவில் அவருக்குப் பிடிக்காத அந்தக் கருவி, இரண்டு பக்கமும் நாங்கள். இன்று நம் முதுகில் விளக்குமாறு பிய்ந்துவிடும் என்று நான் ஒடுங்கினேன். பெரியம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

பெரியப்பா செருப்போடு உள்ளே வந்து நின்றார். பிறகு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எங்கள் எதிரில் குந்தினார்.

"நான் கேக்கலாமா?" என்றார். யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா மேல கோவமாய்யா?"

நான் அமுக்கினேன். தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது. படித்துச் சொல்லாமல் கருவியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவரோ, "சொல்லு பாப்பா" என்றார். சொன்னேன். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது முறையும் அதேதான். அந்தப் பிராணி சொல்பேச்சு கேட்காமலிருக்க நாலைந்து வகை வைத்திருந்தது. ஒரே வகையை அடுத்தடுத்து மூன்று முறை காட்டி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

பெரியப்பா எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வேலைக்குப் போகவில்லை. அக்கம்பக்கத்தார் அவரைத் தாண்டித் தாண்டிப் படியேறினார்கள். "நான்தான் அப்படியே போயிருன்னு சொன்னேன், கேட்டுட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். யார் பேச்சையும் கேட்காத பிள்ளை அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுவிட்டான் என்பது அவருடைய கணக்கு. சவரம் செய்யாத முகத்தோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தவுக்கேயைவிட அவரிடம்தான் அதிகம் பயமாக இருந்தது.

அடுத்த நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது விபூதியும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. பெரியம்மா கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வைத்திருந்தார். தானே கருவியில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"அந்தக் கோட்டைக்காரிய இன்னிக்கு அடிச்சிரு பாப்பா."

"தேங்காப்பால் வாங்கப் போவ வேணாமா?"

"வேணாம். நீ வெளையாடு."

தவுக்கேயை இறக்காமல், நானே பிடித்து வளர்த்த சின்னப் பிராணிகளை வைத்தே விளையாடினேன். இரண்டு முறை தோற்றேன். பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கோட்டைக்காரி விழுந்தாள். பதக்கம் மின்னியது. நான் வீடு அதிரக் குதித்தேன். பெரியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று நினைத்தேன்.

பிறகு படிக்கட்டுக்குப் போய்ப் பெரியப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்தார்.

"கேளுங்க. அன்னிக்குக் கேட்டத இன்னிக்கும் கேளுங்க."

பெரியப்பா மாட்டேன் என்றார். பெரியம்மா அவர் கையை விடவில்லை. கடைசியில், அழுகையும் பேச்சுமாக, "அப்பா மேல கோவமாய்யா?" என்று கேட்டார்.

வழியில் வந்த ஏதோ ஒரு பறவையின் முன்னால் தவுக்கேயை இறக்கி, பொத்தானை அமுக்கினேன். தவுக்கே பாய்ந்தது. ஒரே அடி. எதிரி காணாமல் போய்விட்டது.

"கேட்டுருச்சு!" என்று கத்தினேன். "பெரியப்பா, கேட்டுருச்சு! சொன்னத கேட்டுருச்சு!"

இன்னொரு முறை என்றார். கேட்டது. மறுபடியும் கேட்டது. எத்தனை முறை அமுக்கினாலும் வளர்த்த நாய் போல முன்னால் வந்து நின்றது. பெரியப்பா என் தலையில் கை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அண்ணன் எங்கேயோ இருந்துகொண்டு தவுக்கேயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டான் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

"கோவமில்ல. உங்க புள்ள விட்டுட்டான்" என்றார் பெரியம்மா. "கோயில் ஐயாவ வரச் சொல்லுங்க."

அந்த வாரத்தில் கடற்கரையில் கிரியை நடந்தது. படத்துக்கு மாலையைப் பெரியம்மாவே போட்டார். பெரியப்பா சாப்பிட்டார், வேலைக்குப் போனார், அதன் பிறகு பல வருஷம் இருந்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் வகுப்புத் தோழன் ஒருவன் போகிற போக்கில் சொன்னான். அடுத்தவன் வளர்த்த பெரிய பிராணியை வாங்கினால், போதுமான பதக்கம் கையில் இல்லாதவரை அது பேச்சைக் கேட்காதாம். மூன்றாவது பதக்கம் வந்ததும் கேட்குமாம். விளையாட்டின் விதியே அதுதானாம். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பா பெரியம்மாவை ஏமாற்றிவிட்டதே, அதற்கு நான் பூசாரியாக இருந்தேனே என்று வெட்கமாக வந்தது. அவருக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவார் என்று அன்றே முடிவு கட்டி, யாரிடமும் மூச்சுவிடவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

போன தீபாவளிக்கு முறுக்குப் பிழிய மேலே போனேன். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, மாவைப் பிசைந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். என் மகன் கூடத்தில் கைப்பேசியில் ஏதோ பிராணியை அதட்டிக்கொண்டிருந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தவுக்கேயிடம் வந்து நின்றது. பெரியப்பாவும் இல்லை, இனிமேல் என்ன என்று, நான் பூசி மெழுகி அந்தப் பதக்க விஷயத்தை மெல்லச் சொன்னேன்.

பெரியம்மா மாவை உருட்டிக்கொண்டே, "தெரியும்லா" என்றார்.

"என்னா தெரியும்?"

"மூணாவது பதக்கம். அன்னிக்கு நீ அழுதுகிட்டு இருந்தப்பவே அடுப்படியில வந்து சொல்லிட்டானே. 'அவகிட்ட சொல்லிராதீங்கம்மா, கொஞ்சம் கத்தட்டும், நாளைக்கு மீன் பிடிச்சிட்டு வந்து நானே சொல்றேன்'னு சிரிச்சான். நானும்தானே சிரிச்சேன்."

நான் முறுக்கு உழக்கைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் எதுக்குப் பெரியம்மா குறி கேட்டீங்க?"

"அது அவன் விட்ட குறும்பு. அது ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவன் வீட்லதான் இருக்கான்னு இருந்துச்சு. நீ ஜெயிச்சிட்டா முடிஞ்சிருமே. எத்தன வாட்டி உன்ன தேங்காப்பாலுக்கு அனுப்பிருக்கேன்!" லேசாகச் சிரித்தார். "உங்க பெரியப்பா வந்து உக்காந்து நெசமாவே கேட்டாரு பாரு, அன்னிக்குத்தான் பயந்துட்டேன். போனவன நிறுத்தி வெக்கிறதுக்கு இருக்கிறவர கொன்னுருவேன் போலன்னு. அதான் பேட்டரி வாங்கியாந்தேன்."

தவுக்கே என் பேச்சைக் கேட்ட அந்த மத்தியானத்தில், கயிற்றை விட்டவன் அண்ணன் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரை நான் பார்க்கவே இல்லை.

"இவ்ளோ வருஷத்துல எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பெரியம்மா."

"வந்து நானே சொல்றேன்னு சொல்லிட்டுப் போனான்ல?" என்றார் பெரியம்மா. சுவரில் மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அதைச் சொன்னார்.